ஐந்து விளையாட்டுப் பெட்டி: எதை வைத்துக்கொள்ளலாம், எதை வீட்டிலேயே செய்யலாம்

நோம்பிக்கு (பண்டிகைக்கு) ஒரம்பரை (உறவுக்காரர்கள்) கூடும் வீட்டில் பிள்ளைகளைப் போனை விட்டு இறக்கி வாசலில் நிறுத்த ஏதாவது வேண்டியிருக்கிறது. அந்தத் தேவையைப் பார்த்துத்தான் 'வீட்டிலேயே பொருட்காட்சி' என்கிற தினுசில் ஆன்லைனில் பெட்டி விற்கிறார்கள். வளையம் எறிதல், பை எறிதல், டப்பா சாய்த்தல், ஆணிப் பலகையில் கோலி விடுதல், காந்த மீன் என்று ஐந்து விளையாட்டு ஒரே அட்டைப்பெட்டியில் வருகிறது. பலகையெல்லாம் 3 மி.மீ. எம்.டி.எஃப்.பில் (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) லேசரில் வெட்டியது. ஒரு திருப்புளி இருந்தால் அரை மணி நேரத்தில் ஐந்தையும் கோத்துவிடலாம். விலை இரண்டாயிரத்துச் சொச்சம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆணிப் பலகை அருமை. பை எறிதலில் பைகளை மட்டும் மாற்றினால் தேறும். வளையமும் டப்பாவும் மின்விசிறியை நிறுத்திய கூடத்துக்குள் மட்டும்தான் ஓடும். காந்த மீனைச் சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் பிரிக்கவே வேண்டாம்.

இத்தனைக்கும் வெட்டு சுத்தம், அச்சு பளிச், ஆணி ஒன்றுகூடக் குறையவில்லை. கோளாறு எடையில் இருக்கிறது. கூரியர் செலவுக்குப் பயந்து எல்லாவற்றையும் இளைக்க வைத்திருக்கிறார்கள். எறியும் விளையாட்டில் சாமானுக்கு எடை இல்லையென்றால் குறி பார்ப்பதில் அர்த்தமே இல்லை. அதிலும் நம் பக்கம் ஆனி, ஆடி வந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காத்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் வரைக்கும் மின்சாரக் காத்தாடியைச் சுத்த வைக்கிறது. அந்தக் காத்தில் 15 கிராம் வளையம் எங்கே போய் விழும் என்று எறிந்தவருக்கே தெரியாது. எம்.டி.எஃப்.புக்கு இன்னொரு நோயும் உண்டு. ஒரு தூறல் பட்டால் ஓரம் ஊறி உப்பும், காய்ந்தாலும் பழையபடி படியாது. வாங்கிய அன்றே எல்லா ஓரத்துக்கும் இரண்டு கை வார்னிஷ் அடித்துவிடுவது நல்லது.

இனி ஒவ்வொன்றாக.

வளையம் எறிதலுக்குச் சணல் கயிற்றில் ஐந்து வளையமும், பலகையில் நிற்க 10 செ.மீ. குச்சிகளும் கொடுத்திருக்கிறார்கள். குச்சி மெலிசு, மேலும் கீழும் ஒரே கனம். வளையம் உச்சியில் பட்டுத் தெறிக்கிறது, இல்லாவிட்டால் பக்கத்துக் குச்சியில் சாய்ந்துகொண்டு 'விழுந்ததா இல்லையா' என்று சண்டை மூட்டுகிறது. இதைத் தூக்கி வைத்துவிட்டு நாமே செய்வது எளிது. அதற்கு வேண்டியதெல்லாம் நம் ஊர்ச் சரக்கே.

குச்சிக்குப் பதில் நூல் கோன். கோவை, திருப்பூர் பக்கத்தில் நிட்டிங் யூனிட் எதிலாவது கேட்டால் நூல் தீர்ந்த காகிதக் கோனை எடைக்குப் போடுவார்கள், பத்துப் பன்னிரண்டு என்றால் சும்மாவே தருகிறவர்களும் உண்டு. பனியன் நூல் கோன் சுமார் 17 செ.மீ. உயரம் இருக்கும். அடி 7 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு, உச்சி அதில் பாதி. இந்தக் கூம்பு வடிவம்தான் சங்கதி. உச்சி குறுகலாக இருப்பதால் வளையம் எளிதில் நுழையும், நுழைந்தது தானாகக் கீழே வழுக்கி அமரும், பாதியில் தொங்காது. கோனைப் பலகையில் ஒட்டக் கூடாது, இரண்டாவது நாளே பிய்ந்துவிடும். 5 செ.மீ. உயர மரக்கட்டையை அடிப்பலகையில் அடியிலிருந்து திருகாணி போட்டு நிறுத்தி, அதன்மேல் கோனைக் கவிழ்த்து இறுக்க வேண்டும். கோன் நசுங்கினால் வேறொன்றைச் சொருகிக்கொள்ளலாம். இரண்டு கோனுக்கு நடுவே 25 செ.மீ. விடுங்கள். அதற்குக் குறைந்தால் ஒரே வளையம் இரண்டின் மேலும் படுத்துக்கொள்ளும்.

வளையத்துக்குச் சொட்டுநீர்ப் பாசனத்தின் 16 மி.மீ. குழாய். தோட்டம் உள்ள வீட்டில் மிச்சத் துண்டு எப்படியும் கிடக்கும். பழைய குழாயானால் சொட்டுவான் ஓட்டை இல்லாத இடமாகப் பார்த்து 43 செ.மீ. நறுக்கினால் உள்விட்டம் 12 செ.மீ. உள்ள வளையம் வரும். வெறும் குழாயை வளைத்தால் நடுவில் மடங்கி நெளிந்துவிடும். எல்லோரும் தவறுகிற இடம் இது. ஒரு முனையில் ஜாயினரை (இரண்டு குழாய் முனையைச் சேர்க்கும் துண்டு) சொருகி அதன் வாயைத் துணியால் அடைத்துக்கொண்டு, சலித்துக் காயவைத்த மணலைக் குழாய் நிறையத் தட்டித் தட்டிப் போடவேண்டும். பிறகு வெந்நீரில் ஒரு நிமிடம் காட்டி மெதுவாக வளைத்து, துணியை எடுத்துவிட்டு மறுமுனையை ஜாயினரில் ஏற்றி, மேலே இன்சுலேஷன் டேப் சுற்ற வேண்டும். மணல் உள்ளே இருப்பதால் மடங்காது. எடையும் நூறு கிராமைத் தொட்டு வரும், காத்து அசைக்காது. இன்னொரு லாபம், மணல் அடியின் அதிர்ச்சியை விழுங்கிவிடுவதால் கோனில் பட்ட வளையம் எகிறிக் குதிக்காது. ஈர மணல் போட்டால் பிற்பாடு தண்ணீர் கசிந்து டேப் கழன்றுகொள்ளும். தூரம் பிள்ளைகளுக்கு ஒன்றரை மீட்டர், பெரியவர்களுக்கு இரண்டரை.

பை எறிதல் என்பது ஓட்டை போட்ட சாய்வுப் பலகையில் பையை எறிந்து ஓட்டைக்குள் விழவைப்பது. இதன் பலகையைக் குறை சொல்ல முடியாது. மேசைக்குப் பக்கத்தில் வைத்து ஆடுகிற சிறு அளவுதான். ஆனால் பை ஒவ்வொன்றும் 60 கிராம், உள்ளே பிளாஸ்டிக் குருணை, அதுவும் உருண்டையாகத் திணித்திருக்கிறார்கள். பலகையில் விழுந்ததும் பந்துபோல் துள்ளிக் கீழே ஓடுகிறது. இந்த விளையாட்டில் பை விழுந்த இடத்தில் தொப்பென்று படுக்கணும், அப்புறம் கொஞ்சம் வழுக்கணும். அமெரிக்காவில் போட்டியாகவே ஆடுகிறார்கள். அவர்கள் கணக்கில் பை 6 அங்குலச் சதுரம், எடை 450 கிராமுக்கு ஒட்டி. பலகை 4 அடிக்கு 2 அடி. ஓட்டை 6 அங்குல விட்டம், அதன் மையம் மேல் விளிம்பிலிருந்து 9 அங்குலம். பின்பக்க உயரம் 12 அங்குலம். இரண்டு பலகைக்கும் நடுவே 27 அடி.

பெரியவர்களும் ஆடப்போகிறார்கள் என்றால் இந்த அளவிலேயே செய்துவிடலாம். 8 அடிக்கு 4 அடி பிளைவுட் ஷீட் ஒன்றில் நாலு பலகை சிந்தாமல் சிதறாமல் வரும். 12 மி.மீ. கனம் வேண்டும். 6 மி.மீ. போட்டால் பை விழும்போது பலகை மத்தளம்போல் அதிர்ந்து பையைத் திருப்பி எறியும். அடியில் சுற்றிலும் ரீப்பர் சட்டம் வைத்து, பின்காலுக்குப் போல்ட் நட்டு போட்டால் மடித்து எடுத்து வைக்கலாம். ஓட்டையை ஆசாரியிடம் ஜிக்‌ஸாவில் வெட்டித் தரச் சொல்லுங்கள். வெட்டிய விளிம்பைத் தேய்க்காமல் விட்டால் இரண்டே நாளில் பை கிழியும். மேல்பரப்பை முதலில் 120, பிறகு 220 நம்பர் உப்புத்தாளில் தேய்த்துப் பெயிண்ட் அடிக்க வேண்டும்.

பைத் துணிக்குத் திருப்பூர் காதர்பேட்டையில் பனியன் கட் பீஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று கை போகும். வேண்டாம். பின்னிய துணி இழுக்க இழுக்க நீளும், நாலு எறியில் பை பூசணிக்காய் வடிவுக்கு வந்துவிடும். ஈரோட்டுப் பக்கம் கிடைக்கும் கெட்டிக் காடாத் துணி, இல்லாவிட்டால் பழைய ஜீன்ஸ் போன்ற நெய்த துணியாகப் பாருங்கள். 7 அங்குலச் சதுரமாக வெட்டி, நாலு பக்கமும் அரை அங்குலம் உள்ளே தள்ளி இரட்டைத் தையல் போட்டால் 6 அங்குலப் பை. உள்ளே போட மக்காச்சோளம்தான் பழைய வழக்கம். ஆனால் மூன்று மாதத்தில் வண்டு வைக்கும், மழைக்காலத்தில் பூஞ்சை வாசம் வேறு. புளி உடைக்கும் வீட்டில் கேட்டால் புளியங்கொட்டை கிடைக்கும். வழவழப்பு, கெட்டி, சீக்கிரம் பூச்சி வைக்காது, பைக்குள் நன்றாக நழுவும். கழுவி இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து அளந்து போடுங்கள். எல்லாப் பையும் ஐந்து பத்துக் கிராமுக்குள் ஒன்றுபோல் இருக்க வேண்டும். தோற்றவர் 'உன் பை கனம்' என்று ஆரம்பிப்பதற்குள் தராசைக் காட்டிவிடலாம். பிள்ளைகளுக்கு 4 அங்குலப் பையில் 150 கிராம் போதும். இந்தச் சின்னப் பைகளைப் பெட்டியோடு வந்த பலகைக்கு எறிந்தால் அதுவும் உருப்படியாக ஓடுகிறது. அம்மிச்சி நாற்காலியில் உட்கார்ந்தபடியே போட்டு ஜெயிக்கக்கூடிய ஆட்டமும் இது ஒன்றுதான்.

டப்பா சாய்த்தலுக்கு வந்தவை அட்டை உருளைகள். சொல்ல ஒன்றுமில்லை, கதவைத் திறந்தாலே சாய்கின்றன. மூடி போட்ட பால் பவுடர் டின் ஆறு சேர்த்துவையுங்கள். கீழே மூன்று, நடுவில் இரண்டு, மேலே ஒன்று. கீழ் மூன்றிலும் 100 கிராம் மணலைப் பாலித்தீன் பையில் முடிந்து அடியில் டேப்பால் ஒட்டவேண்டும், மேல் மூன்றும் காலியாகவே இருக்கட்டும். தேர்க்கடைகளில் அடிவரிசையில் மட்டும் கனத்தை ஏற்றி, மேலே இருப்பது பறந்தாலும் கீழே இருப்பது அசையாதபடி செய்வதுண்டு. நமக்கு அந்த வியாபாரம் வேண்டியதில்லை. 100 கிராம் என்பது காத்துக்கு நிற்கும், நல்ல அடிக்கு விழும். 200 போட்டுப் பார்த்தால் எட்டு வயசுப் பிள்ளையின் கைக்கு அசையாது. பந்துக்கு டென்னிஸ் பந்து, 56 முதல் 59 கிராம் வரை இருக்கும். ரப்பர் பந்து டின்னில் பட்டு எறிந்தவர் மூஞ்சிக்கே திரும்பும். டின்னின் உள்விளிம்பு கத்திபோல் இருந்தால் சுத்தியலால் தட்டி மழுக்கி டேப் ஒட்டிவிட வேண்டும்.

பின்னால் பந்து பிடிக்கப் போர்வை கட்டுகிறவர்கள் அதிகம். காத்து வந்தால் அது பாய்மரம்தான், கம்போடு பிடுங்கிக்கொண்டு வரும். கரூர்க் கொசுவலைத் துணியில் 2 மீட்டர் துண்டு வாங்கிக் கட்டுங்கள். காத்து ஊடே போய்விடும், பந்து போகாது. விறைப்பாகக் கட்டினால் பந்து பட்டுக் கிழியும். தொளதொளவென்று தொங்கவிட்டு, அடியை முன்பக்கமாக ஒரு முழம் மடித்து வைத்தால் பந்து அதிலேயே சேர்ந்து கிடக்கும், ஓடி ஓடிப் பொறுக்க வேண்டியதில்லை.

அடுத்து ஆணிப் பலகை. மேலே விட்ட கோலி ஆணிகளில் முட்டி முட்டி இறங்கி, கீழே உள்ள அறை ஒன்றில் விழும். பெட்டிக்குக் கொடுத்த காசு இதற்குத்தான். கையால் இத்தனை ஆணியை ஒரே இடைவெளியில் அடிப்பது பொறுமைசாலிக்கும் கஷ்டம். ஒரு ஆணி இரண்டு மி.மீ. விலகினால் கோலி அங்கேயே ஒரு பக்கமாக ஒதுங்கப் பழகிவிடும். லேசர் ஓட்டையில் அந்தப் பிரச்சினை இல்லை. கூட வந்த பிளாஸ்டிக் உருண்டைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு 16 மி.மீ. கண்ணாடிக் கோலி போடுங்கள். சத்தமும் கேட்க நன்றாக இருக்கும்.

ஆனால் அறைகளுக்குப் போட்டிருக்கிற மதிப்பெண்ணில் கோட்டை விட்டிருக்கிறார்கள். நடு அறைக்கு 100, ஓரத்துக்கு 10 என்று அச்சடித்திருக்கிறது. கணக்குத் தலைகீழ். எட்டு வரிசை ஆணி, ஒன்பது அறை. ஒவ்வொரு ஆணியிலும் கோலி இடமோ வலமோ போக ஒரே வாய்ப்பு. நடுவில் விட்ட கோலி 256 தடவையில் 70 தடவை நடு அறையிலேயே விழும். நடுவிலுள்ள மூன்று அறையைச் சேர்த்தால் 182, அதாவது நூற்றுக்கு 71. கடைக்கோடி அறைக்குப் பக்கத்துக்கு ஒன்றே ஒன்று. அச்சடித்த மாதிரியே ஆடினால் நாலு பேரில் ஒருவர் பெரிய பரிசோடு போவார், பத்து நிமிடத்தில் மிட்டாய்ப் பாத்திரம் காலி. மேலே வேறு தாள் ஒட்டி எண்ணை மாற்றிவிடுங்கள். கடைசி இரண்டு அறைக்கும் 100 (இரண்டும் சேர்ந்து 128 தடவைக்கு ஒன்று), அதற்கு உள்ளே உள்ள இரண்டுக்கும் 50 (16 தடவைக்கு ஒன்று), அடுத்த இரண்டுக்கும் 20, நடு மூன்றுக்கும் 5. இதெல்லாம் கோலியை நடுவிலிருந்து விட்டால்தான். ஓரத்திலிருந்து விட இடம் கொடுத்தால் கெட்டிக்காரப் பிள்ளை இரண்டாவது ஆட்டத்திலேயே கண்டுபிடித்துவிடும். அதனால் மேலே நடுவில் ஒரு புனல் வாயை ஒட்டிவிடுவது உத்தமம். பலகை பக்கவாட்டில் துளி சாய்ந்தாலும் எல்லாக் கோலியும் அந்தப் பக்கமே போகும். வாசல் திண்ணைக்குத் தண்ணீர் ஓடக் கொஞ்சம் வாட்டம் இருக்கும் என்பதால் அங்கே வைக்கும்போது மட்டக்கோல் வைத்துப் பாருங்கள்.

கையாலேயே செய்கிறேன் என்பவர்களுக்கு அளவு இதுதான்: 12 மி.மீ. பிளைவுட், 1 அங்குலத் தலையில்லா ஆணி, ஆணிக்கு ஆணி 25 மி.மீ., வரிசைக்கு வரிசை 22 மி.மீ. அடுத்த வரிசை ஆணி மேல் வரிசை இடைவெளிக்கு நேர் நடுவில் வரவேண்டும். கிராஃப் தாளை ஒட்டி அதன்மேல் குறித்து அடித்தால் பிசகாது. இடைவெளியை 35 ஆக்கினால் கோலி ஆணியைத் தொடாமலே நேரே இறங்கிவிடும்.

காந்த மீன் பற்றி வழவழவென்று பேச ஒன்றுமில்லை. தூண்டிலிலும் மீனிலும் பளபளக்கும் சின்ன நியோடிமியக் காந்தம், பசையில் ஒட்டியது. பத்துத் தடவை ஆட்டினால் கழன்று கையோடு வருகிறது. இப்படி இரண்டைப் பிள்ளை விழுங்கிவிட்டால் குடலின் இரண்டு மடிப்பை இடையில் வைத்து ஒன்றையொன்று இழுத்துக் குடலையே ஓட்டை போடும். அப்படி நடந்ததாகச் சந்தேகம் வந்தால்கூட வயிற்றுவலிக்குக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அதைக் குப்பையில் போடுவதானாலும் டேப் சுற்றிப் போடுங்கள். விளையாட்டு வேண்டும் என்றால் நடுவில் ஓட்டையுள்ள கறுப்பு வளையக் காந்தம், வாய்க்குள் போகாத அளவுக்குப் பெரிதாக ஒன்று வாங்கி, பசை போடாமல் நூலால் கட்டுங்கள். மீனில் காந்தமே வேண்டாம், ஐஸ்கிரீம் டப்பா மூடியில் வெட்டிய மீனுக்கு இரும்பு யூ கிளிப் மாட்டினால் போதும். காய்ந்த சோளத்தட்டு தூண்டில் கம்புக்கு லேசாக இருக்கும். நூல் 40 செ.மீ.க்கு மேல் போனால் காந்தம் ஊஞ்சலாடும், நாலு வயசுப் பிள்ளை அழ ஆரம்பிக்கும்.

பெட்டியில் இல்லாத இரண்டைச் சேர்த்துக்கொண்டால் கடை நிறையும். ஒன்று முட்டை அட்டை. நாமக்கல்லிலிருந்து முட்டை வரும் 30 குழி அட்டை நாலைச் சேர்த்து வைத்து, 40 மி.மீ. டேபிள் டென்னிஸ் பந்தைத் தரையில் ஒரு குத்து குத்தவிட்டுக் குழியில் விழவைப்பது. நேராக எறிந்தால் எகிறிப் போய்விடும், அந்த ஒரு குத்துதான் பந்தின் வேகத்தைத் தின்கிறது. பந்தின் எடை 2.7 கிராம்தான் என்பதால் இது வீட்டுக்குள் மட்டும்.

இன்னொன்று அதிர்ஷ்டச் சக்கரம். பழைய கறுப்பு சைக்கிளின் முன்சக்கரத்தில் பொதுவாக 32 கம்பி. இரண்டு கம்பிக்கு ஒரு நிறம் என்று ரிம்மில் டேப் ஒட்டினால் 16 பிரிவு கச்சிதமாக வரும். அச்சு நட்டாலேயே துளையிட்ட ஆங்கிளில் முடுக்கி நிறுத்தலாம். டயரைக் கழற்ற வேண்டாம், அந்தக் கனம் இருந்தால்தான் சக்கரம் ஆசையாகச் சுற்றும். ரிம்முக்குப் பக்கமாகக் கம்பியில் தட்டுகிற மாதிரி பழைய சீட்டுக்கட்டுச் சீட்டு ஒன்றை மாட்டினால் அதுவே முள், அதுவே டிக்கு டிக்குச் சத்தம். இருபது தடவை சுற்றிப் பாருங்கள். பெரும்பாலும் டியூப் வால்வு உள்ள பக்கம் கனத்துக் கீழேயே வந்து நிற்கும். அதற்கு நேர் எதிர்க் கம்பியில் ஒரு நட்டைக் கட்டி, எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கும்வரை கனத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும். ஓடும் சக்கரத்தில் கை விடாதபடி பிள்ளைகளைச் சக்கரத்துக்கு முன்பக்கம் மட்டும் நிறுத்துங்கள்.

பலூனில் டார்ட் எறிவது இதில் வேண்டாம். சித்திரை வெயிலில் பலூன் தானாகவே வெடித்துத் தீரும், குத்தாமல் தெறித்த டார்ட் யார் காலில் விழும் என்றும் சொல்ல முடியாது.

எல்லாம் செய்து முடித்ததும் ஒவ்வொன்றிலும் முப்பது முறை எறிந்து எண்ணிப்பாருங்கள். பத்துக்குப் பக்கம் ஜெயித்தால் சரியான ஆட்டம். ஐந்துக்குக் குறைந்தால் நின்று எறியும் கோட்டை ஒரு அடி முன்னே கொண்டுவாருங்கள், இருபதைத் தாண்டினால் பின்னே. ஆணிப் பலகைக்கும் சக்கரத்துக்கும் கோடு இல்லை, பரிசைத்தான் மாற்ற வேண்டும். நின்று எறியும் கோட்டைக் கோலப்பொடியில் போட்டால் அரை மணியில் காத்து தின்றுவிடும், சாக்பீஸைக் கால் தேய்த்துவிடும். தேங்காய் நார்க் கயிற்றை இரண்டு முனையிலும் செங்கல் வைத்து இழுத்துப் போடுங்கள். கால் பட்டால் பிள்ளைக்கே தெரியும், நகர்த்துவதும் சுலபம்.

பெட்டியை முழு விலைக்கு வாங்கத் தேவையில்லை. விற்கிறவர் ஆணிப் பலகையைத் தனியாகவும் விற்றால் அதை மட்டும் வாங்குங்கள்.